பூட்டுக்கும் திறப்புக்கும் என்ன உறவு?

மாண்பமை தலைவர் அவர்களே, சொல்லுக்குச் சொல் மல்லுக்கு நின்றும் சோராத கலைச்சொற்குழுப் பெரியோர்களே, கணிப்பொறியிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கும் இளைஞர்களே! இன்று மார்ச்சுத் திங்கள் பதினொன்றாம் நாள். எனக்கு எழுபத்தெட்டு ஆண்டு, நான்கு மாதம், ஆறு நாள். நாள்கணக்கு எதற்கு என்று முன்வரிசை முணுமுணுக்கிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதிய கைக்குத் தோராயம் வராது, ஐயா.

நிரலில் சில செயல்கள் இணைபிரியாமல் வாழ்கின்றன. ஒன்று பூட்டும், ஒன்று திறக்கும். ஒன்று மறைமொழியாக்கும், ஒன்று மீட்கும். இரண்டாமவளுக்கு என்ன பெயர்? எதிர்ச்செயல் என்றார் ஒருவர். எதிரியா அவள்? நேர்மாறு என்றார் கணிதப் பேராசிரியர். மறைமொழியை மீட்டால் பழைய சொல்லே கிடைக்கிறது. அங்கே நேர்மாறு பொருந்தும். ஆனால் ஒரு பதிவைப் பிறர் தொடாதபடி பூட்டி, அதில் முகவரியை மாற்றி, பிறகு திறந்தால் பழைய முகவரியா திரும்புகிறது? இல்லையே! அப்படியானால் திறப்பு எதைத்தான் மீட்கிறது?

திறப்புக்கு விளக்கமாக நம் தலைவரின் வரைவு சொல்கிறது: “பூட்டை நீக்கும் பொறுப்புடைய செயல்.” இன்று ஏற்றால் நாளை அச்சேறும். அந்தப் ‘பொறுப்பு’ என்ற இடத்தில்தான் என் கால் தடுக்குகிறது.

எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு வழக்கம்: பூட்டை ஒருவர் எழுதினால், திறப்பை அடுத்த மேசைக்காரர் எழுத வேண்டும். மருத்துவமனைப் படுக்கைப் பதிவேட்டுக்குத் திறப்பை எழுதியவர் நம் தலைவர். அன்று அவருக்கு இருபத்து நான்கு வயது. ஒரு காலையில் பதினான்கு படுக்கைகள் காலியாகக் கிடக்க, பதிவேடு அத்தனையும் பூட்டியிருப்பதாகச் சாதித்தது. நோயாளிகள் நடைவழியில் நின்றார்கள்.

மேலாளர் வந்தார். “ஏம்மா, திறக்கறது உன் வேலைதானே?”

“நான் எழுதினது ஓடுது சார். யாராவது கூப்பிட்டாத்தானே அது திறக்கும்?”

“நல்லா இருக்கே கதை. வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணுமா?”

அலுவலகமே சிரித்தது. இரண்டாண்டு அவரைக் கிடங்குப் பட்டியலுக்குத் தள்ளினார்கள். போகும்போது அடுத்த மேசையிடம் சொன்னார்: “விடுங்கக்கா, நானே எங்கயோ கோட்டை விட்டிருப்பேன்.” நாற்பத்தாறு ஆண்டாக அதையே நம்புகிறார். வரைவிலும் அதையே எழுதியிருக்கிறார்.

பின்வரிசையில் யாரோ, பெயரைச் சொல்லுங்கள் என்கிறார். சொல்கிறேன். மறைமொழிக்கு நேர்மாறு இருக்கட்டும். பூட்டு–திறப்புக்கு ‘எடுப்பு–முடிப்பு’ என்று வையுங்கள். விளக்கத்தில் எழுதுங்கள்: எடுப்பை அழைத்தவரே முடிப்பையும் அழைக்க வேண்டும். அழைக்காத கதவு திறக்குமா? அழைக்க மறந்தவர் இருக்க, கதவையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்களே, உங்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று. படுக்கையைப் பூட்டிவிட்டு நோயாளிச் சேர்க்கையைப் பாதியில் கைவிட்டால் உங்கள் திறப்பை அழைக்க வேண்டிய ஒரு வரி, சேர்க்கைப் படிவத்தின் நிரலில் அன்று இல்லை. அன்று மாலையே கண்டுபிடித்தேன், சேர்த்தேன், வாய் திறக்கவில்லை. அந்த அடுத்த மேசை என்னுடையது. படிவமும் நான் எழுதியது.