அம்பா கேட்டும் வராத கறுவா

இந்தக் கடற்கரை மேடைக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவர்களைவிடத் தன் கைக்கடிகாரத்தையே கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மீனவர் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய செல்லத்தம்பி ஐயா அவர்களே! வலைக்குச் சொந்தக்காரராய், மீன்வாடிக்கு வாப்பாவாய், எங்களுக்கெல்லாம் அண்ணனாய், என் பக்கத்துக் கதிரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சம்மாட்டி அபூதாஹிர் காக்கா அவர்களே! குரங்குகளுக்கு ஊசி போட்டுப் போட்டு, மனிதரைக் கண்டாலும் கையைப் பிடித்துப் பார்க்கும் மிருக வைத்தியர் ரஞ்சன் அவர்களே! இறக்கக்கண்டியின் ஈரமணலிலும் நிலாவெளியின் நீண்ட கரையிலும் நின்று கயிறு இழுத்த பெரியோர்களே! அவர்களை இழுத்து நிறுத்திய தாய்மார்களே! பின்வரிசையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி சாப்பாட்டுப் பார்சலை எதிர்பார்த்திருக்கும் இளைஞர்களே! லிங்கநகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் இந்தச் சிவகாமிப்பிள்ளையின் வணக்கமும் ஸலாமும் உங்கள் எல்லோருக்கும் உரித்தாகுக!

நான் எதைப் பற்றிப் பேச வந்தேன்? குரங்கைப் பற்றி! சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். "பிள்ளையக்கா, மனிசருக்கு மருந்து குடுத்துக் களைச்சுப் போனியளோ? சனி ஞாயிறில குரங்குக்குக் கட்டுக் கட்டப் போறியளாமே!" என்றார்கள். ஓம், போறன் என்றேன். பஸ் ஏறிப் போனேன். பெருமையோடு போனேன். இன்றைக்கும் அந்தப் பெருமையோடுதான் இந்த ஒலிவாங்கியின் முன்னால் நிற்கிறேன்.

இறக்கக்கண்டிக்கு மேற்கே, காட்டோரத்தில் இருக்கிறது எங்கள் குரங்குக் காப்பகம். கண்ணியில் கால் அறுந்தவை, கம்பியில் கை கருகியவை, தாயை இழந்தவை எல்லாம் அங்கே வரும். சம்பளம் இல்லை, சன்மானம் இல்லை, கடி மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு, மாரி பிறந்து கடல் கொந்தளிக்க, வலையைச் சுருட்டி வைத்துவிட்டு யார் வந்தார்கள்? படித்த கூட்டமா? பணக்காரக் கூட்டமா? இந்தக் கரைவலைக் கூட்டம்தான் வந்தது! "சும்மா கிடந்து என்ன செய்ய, புள்ள? தூக்கிறது சுமக்கிறது இருந்தாச் சொல்லுங்க" என்று அபூதாஹிர் காக்கா தன் ஆட்களோடு வந்து நின்றார். தண்ணீர் சுமந்தார்கள். கூடு கட்டினார்கள். பப்பாசியும் வத்தாளங்கிழங்கும் கூடை கூடையாகத் தூக்கினார்கள்.

அந்தக் கூட்டுக்குள் இருந்தவள் கறுவா. கறுவாப்பட்டையின் நிறம், அதனால் அந்தப் பெயர். மின்கம்பியைப் பிடித்து, ஒரு கை முழங்கை வரை வெந்துபோய், சாக்கில் சுற்றிக் கொண்டுவரப்பட்டவள். கட்டுப் போட்டவள் நான், கடி வாங்கியவளும் நான். இதோ இந்தத் தழும்பு அவள் தந்ததுதான்! கை தேறியது. கூட்டிலிருந்த அநாதைக் குட்டிகளெல்லாம் அவள் பின்னால் சேர்ந்தன. அவள் உண்டால் உண்டன, அவள் ஏறினால் ஏறின. கடைசியில் தனக்கென்றும் ஒரு குட்டி ஈன்றாள். "இனி இது ஒரு கூட்டம், காட்டுக்கு விடலாம்" என்றார் வைத்தியர்.

கடல் அடங்கி வலை இறங்கும் காலத்தில் கதவைத் திறந்தோம். கறுவா முன்னே போனாள், கூட்டம் பின்னே போனது. நாங்கள் கைதட்டக்கூட இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? கேளுங்கள்! மறுநாள் காலை, இதே கரையில் வலை வளைத்தார்கள். அபூதாஹிர் காக்கா அம்பா எடுத்தார். அம்பா என்றால் இந்தக் கரைக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டுமா? வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினருக்காகச் சொல்கிறேன். கயிறு இழுப்பவர்கள் கூட்டாகப் பாடும் பாட்டு அது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாட, அந்தத் தாளத்தில்தான் வலை கரையேறும். காக்காவின் குரலோ வெருகல்வரை கேட்கும்! அந்தக் குரல் எழுந்ததுதான் தாமதம், காட்டுப் பக்கமிருந்து தெருவைக் குறுக்கறுத்துக்கொண்டு கறுவா ஓடி வந்தாள்! குட்டி வயிற்றில் தொங்க, கூட்டம் முழுவதும் பின்னால் வர, நிலாவெளி பஸ் 'கிறீச்' என்று நிற்க, டயருக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சாண்! வந்தவள் கயிற்றடியில் குந்தியிருந்து, வெந்த கையை நீட்டினாள்.

ஏன் வந்தாள்? வைத்தியர் எங்களுக்குச் சட்டம் போட்டிருந்தார்: குரங்கோடு கதைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கவும் கூடாது. அத்தனையையும் காத்தோம். ஆனால் இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அம்பா இல்லாமல் ஒரு கூடையைத் தூக்க வருமா? மாரி முழுவதும் சாப்பாட்டுக் கூடையை அம்பா பாடித்தான் தூக்கினார்கள்! அது எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அது மூச்சு விடுவதுபோல் நடந்த காரியம். கறுவாவின் காதில் விழுந்தது. அம்பா கேட்டால் சாப்பாடு என்று அவள் படித்துவிட்டாள்.

வைத்தியர் ரஞ்சன் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "அக்கா, இப்பிடியே விடேலாது. நாளைக்கு பஸ் நிக்காட்டி எல்லாம் செத்துப்போம். அவளத் திரும்பப் பிடிச்சா, சாகுமட்டும் கூட்டுக்கதான்" என்றார். அவ்வளவு பாடுபட்டு ஆற்றிய கைக்கு ஆயுள் தண்டனையா? "அப்ப அம்பாவ நிப்பாட்டச் சொல்லுவம்" என்றேன். சொல்லிவிட்டேன். யாரிடம் போய் எதைக் கேட்கப் போகிறேன்!

வாடிக்குப் போனேன், கேட்டேன். "அம்பா இல்லாம வலையா? மையத்து விழுந்த வீட்டிலயும் ஒரு அழுகைச் சத்தம் இருக்கும், புள்ள. ஏலாது!" என்று எழும்பிப் போனார் காக்கா. வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்தார். "எண்ட குரலை நம்பித்தானே அது ஓடி வந்திச்சு?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப எண்ட குரல்தான் அடங்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த மேடை! அந்த ஒரு மனிதருக்குத்தான் இந்த மாலை!

என்ன தம்பி, பின்னால் சத்தம்? 'மீன் பட்டதோ' என்றா கேட்கிறீர்? பொறும், சொல்கிறேன். அம்பா இல்லாத முதல் நாள் படுதோல்வி! வடக்குக் கயிறு முந்தியது, தெற்குக் கயிறு பிந்தியது, வலை கோணி, மடிக்குள் இருந்த சூரைக் கூட்டம் எங்களுக்கு வால் காட்டிவிட்டுப் போனது. ஆட்கள் முகம் கறுத்தார்கள். "குரங்குக்காகப் புள்ளைகள் பட்டினியா?" என்று ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்வி.

பதில் சொன்னவர் காக்காவின் மனைவி சித்தி பரீதா! கயிறு இழுக்கும் இடத்துக்குப் பெண்கள் வருவது இங்கே வழக்கமில்லை. அவர் வந்தார். அலை காலை நனைக்க, இரண்டு கயிற்றுக்கும் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்று, ஒரு சிவப்புச் சால்வையை உயர்த்தினார். உயர்த்தினால் மூச்சு, இறக்கினால் இழு! உயர்த்தினால் மூச்சு, இறக்கினால் இழு! சத்தமே இல்லை, தாளம் மட்டும் இருந்தது. வலை நேராக வந்தது, மடி நிறைய வந்தது. மீனைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைக் கேளுங்கள்: "கலியாணம் முடிச்ச நாள் தொட்டு இந்த மனிசன்ட வாய மூட எனக்கு ஏலாமப் போச்சு. ஒரு குரங்கு செஞ்சு தந்திட்டு, அல்ஹம்துலில்லாஹ்!"

தாய்மார்கள் தட்டும் கைதட்டல் எனக்குக் கேட்கிறது! தட்டுங்கள்! அந்தச் சால்வைக்குத் தட்டுங்கள்!

ஒரு பருவம் முழுவதும், பாடிப் பிறந்த கரை பாடாமல் இருந்தது. வெள்ளைக்காரப் பயணிகள் வந்து, "இவர்கள் ஊமைகளா?" என்று ஹோட்டல்காரரைக் கேட்டார்களாம். முதலில் கறுவா தெருவோரம் வரை வந்து காத்திருந்தாள். பிறகு மரத்தில் இருந்தபடி பார்த்தாள். காட்டில் பாலைப்பழம் பழுத்தது. பிறகு அவளைக் காணவில்லை. காட்டுக்குள் பார்த்தேன் என்று வைத்தியர் சொல்வதைக் கேட்டுத்தான் நாங்கள் உறங்கினோம்.

இன்று காலை, இந்தப் பருவத்தின் கடைசி வலை. "எடுங்கோ காக்கா, வாறாளோ பாப்பம்" என்று காட்டோரத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார் வைத்தியர். எடுத்தார்! அடைபட்டுக் கிடந்த அந்தக் குரல், முதலில் உடைந்து, பிறகு நிமிர்ந்து, அலையை அமுக்கி எழுந்தது. எல்லோரும் ஏற்றுப் பாடினார்கள். ஆனால் ஒருவர்கூட வலையைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் தெருவில்! பஸ் போனது. சைக்கிள் போனது. நாய் ஒன்று போனது. கறுவா வரவில்லை.

வைத்தியர் மறுபடியும் தொலைபேசியில் சொன்னார்: பாலை மரத்தின் உச்சியில் அவள் இருந்தாளாம். அம்பா கேட்டுத் தலையைத் தூக்கினாளாம். கடற்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, காட்டின் உள்ளே போய்விட்டாளாம்.

நான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி காக்கா விம்மி விம்மி அழுகிறார். "ஏன் காக்கா அழுறியள்? வெண்டிட்டமே!" என்றேன். "கூப்பிட்டும் வரல்ல, புள்ள. வரவே இல்ல" என்றார். அழுதுகொண்டே சிரித்தார்.

பெரியோர்களே, தாய்மார்களே! கூப்பிட்டதும் ஓடி வருவதையே அன்பு என்று உலகம் கொண்டாடுகிறது. கூப்பிட்டும் வராதபடி ஒரு சீவனை வாழ வைத்த கரை இது! இதைவிட வேறு என்ன பெருமை வேண்டும் நமக்கு?

செல்லத்தம்பி ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார், முடிக்கிறேன். அபூதாஹிர் காக்கா, எழும்புங்கள். ஒலிவாங்கி உங்களுக்கு எதற்கு? பரீதா தாத்தா, எங்கள் மூத்த அக்காவே, இன்றைக்கு மட்டும் அவரை விடுங்கள். ஒரு பருவத்துக் கடன் இந்தக் கடலுக்கு இருக்கிறது, அதை இப்போதே பாடித் தீருங்கள். இனி யாரும் ஓடி வரமாட்டார்கள், பயப்படாமல் பாடுங்கள்! கேட்டிருந்த உங்களுக்கு என் நன்றி. கேட்டும் வராத கறுவாவுக்கு என் வணக்கம்!