ஒன்றும் தொலையவில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் கமலாம்பிகை அம்மையாருக்கு வாசித்தளிக்கும் மடல்

கணினிக்குக் காவலாய், கடமைக்குக் கல்தூணாய், பாசிர் கூடாங்கில் உள்ள நம் எண்ணெய் ஆலையின் கணினிப் பகுதியை இருபத்தேழு ஆண்டுகள் கட்டிக்காத்து, இன்று அறுபது வயது நிறைந்து விடைபெறும் மதிப்பிற்குரிய திருமதி கமலாம்பிகை அம்மையார் அவர்களே,

வணக்கம். எண்ணெய்த் தொட்டிக் களத்திலும் ஸ்டோரிலும் ஆய்வுக்கூடத்திலும் லாரி எடைமேடையிலும் வேலை செய்கிற நாங்க, மூத்தவன்னு ஹோஸ் ஸ்டோர் சின்னத்தம்பியை எழுதச் சொல்லி இந்த மடலை உங்க முன்னால வாசிக்கிறோம். அந்தச் சின்னத்தம்பி நான்தான், ஆறாம் வகுப்போட நின்னவன். அடுக்குமொழி மேலே எழுதின அளவுக்குத்தான் வரும். அதுல பொய் இல்லை. இனிமே எழுதப் போறதுலயும் இல்லை.

எச்சரித்தும் கேளாதாரிடையே எரிச்சல் கொள்ளாது உழைத்தவரே,

போன வருஷம் சீனப் பெருநாளுக்கு முன்னாலேயே நீங்க எழுதிக் கேட்டீங்க. ஆலை முழுசையும் ஓட்டுற கணினி நிரல்ல ஓட்டை இருக்கு, அதை அடைக்கிற திருத்தத்தை நிரல் செஞ்ச கம்பெனியே அனுப்பிடுச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் நிறுத்தினா போட்டுடலாம்னு. ஒரு தடவை இல்லை, மூணு தடவை கேட்டீங்க. மூணு தடவையும் "எண்ணெய் ஏத்தக் கப்பல் நிக்குது, அப்புறம் பார்ப்போம்"னு பதில் வந்துச்சு. அந்த நாலு மணி நேரத்தைக் கொடுக்காதவங்க இந்த மண்டபத்துல முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. நாங்க மட்டும் என்ன? "கிராணியம்மாவுக்கு வேற வேலை இல்லை"ன்னு சிரிச்சோம். எஸ்டேட்ல கணக்கு எழுதுற கிராணியை நினைச்சு உங்க முதுகுக்குப் பின்னால நாங்க வெச்ச பேர் அது. அந்த ஓட்டை வழியாத்தான் கணினித் திருடன் உள்ளே வந்து விவரத்தையெல்லாம் கெடுத்தான். நாலு மணி நேரம் நிக்க முடியாத ஆலை ஒன்பது நாள் நின்னுச்சு.

பழைய விவரங்களைத் திரும்ப ஏத்தினப்போ, திருடன் கை படாத நகல் எட்டு மாசத்துக்கு முந்தினதுதான் கிடைச்சுது. நடுவுல செஞ்ச வேலையில எது இருக்கு, எது போச்சு, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு கணக்கெடுக்கிற பொறுப்பை உங்க தலையில வெச்சாங்க. மேசையில உட்கார்ந்துக்கிட்டு போன் போட்டுக் கேட்கலை நீங்க. அந்த முழங்கால் வலியோட, மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் படிவத்தைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து வந்தீங்க.

என் ஸ்டோருக்கும் வந்தீங்க. நாற்பத்தொரு நீராவி ஹோஸ், அதான் சூடான நீராவி போற ரப்பர் குழாய், என் பொறுப்பு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கணும். எதை எப்போ சோதிச்சோம்ங்கிற தேதி கணினியில மட்டும்தான் இருந்துச்சு. கணினி வந்ததும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டவன் நான்தான்.

"அண்ணை, இல்லாததை இல்லையெண்டு எழுதுங்கோ. நான் ஒருத்தரையும் பிடிக்க வரேல்லை"ன்னு சொன்னீங்க.

"எல்லாம் இருக்கு அம்மா. ஓகே லா"ன்னு சொன்னேன். ஒன்றும் தொலையவில்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உங்க தலை மறைஞ்சதும் உட்கார்ந்து, எட்டு மாசத் தேதியையும் ஞாபகத்துல இருந்து கணினியில ஏத்தினேன்.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு இங்கே சொல்லிடுறேன். எங்கப்பா பெக்கோக் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் சீவினவர். காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுற கிராணி பென்சிலோட நின்னா வாயைத் திறக்காதே, எழுதினது ஒரு நாள் உன்னைத் தேடி வரும்னு சொல்லி வளர்த்தார். எங்க எஸ்டேட் கிராணியும் உங்க மாதிரியே பேசுற யாழ்ப்பாணத்து மனுஷன். அந்தப் பயத்தை நாற்பது வருஷம் கழிச்சு உங்க மேல ஏத்திட்டேன். காகிதத்தோட வர்றவங்க ஆளைப் பிடிக்கத்தான் வருவாங்கன்னு நினைச்சேன். இன்னிக்கும் பெரும்பாலான காகிதத்தை நான் நம்புறதில்லை. உங்க காகிதத்தை நம்பியிருக்கணும்.

பதினேழாம் நம்பரும் பத்தொன்பதாம் நம்பரும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில தொங்கும். நான் சோதிச்சது பத்தொன்பதை. ஞாபகம் பிசகி தேதி போட்டது பதினேழுக்கு. பதினோரு வாரம் கழிச்சு, நம்ம தொட்டிக் களத்துப் பையன் குணாளன் பிடிச்சிருந்தப்போ பதினேழு வெடிச்சுது. வலது கை முழங்கை வரைக்கும் நீராவியில வெந்து போச்சு. நாலு விரல் இன்னும் மடங்கலை. மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

பழியைப் பங்கு போடாப் பண்பாளரே,

விசாரணை நடந்த அன்னிக்கு வெளியே பெஞ்சில உட்கார்ந்திருந்தேன். கதவு சரியா சாத்தலை. ஹோஸ் விவரம் முழுசா இருக்குன்னு யார் சொன்னதை வெச்சு அறிக்கை எழுதினீங்கன்னு மலாய்ல கேட்டாங்க. நான் கையெழுத்துப் போட்ட படிவம் உங்க கோப்புல இருந்துச்சு. எடுத்துக் காட்டியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். "அறிக்கை என்னுடையது. நான் நேரில் எண்ணிப் பார்க்கவில்லை"ன்னு மலாய்லேயே சொன்னீங்க. என்னை யாரும் உள்ளே கூப்பிடலை. எழுந்து வீட்டுக்குப் போனேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன், அதையும் எழுதிடுறேன்.

உங்களுக்குக் கவனக்குறைவுன்னு கடிதம் வந்துச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இருங்கன்னு சொல்லியிருந்த பேச்சு அதோட நின்னுச்சு. அப்புறம் ஒரு நாள் கேன்டீன்ல உங்ககிட்ட கேட்டேன், ஏம்மா என் பேரைச் சொல்லலைன்னு.

"சொல்லியிருந்தா, அடுத்த தடவை ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்ல மாட்டினம், அண்ணை."

"இந்தத் தடவையும் நாங்க சொல்லலையே அம்மா."

நீங்க டீயைக் குடிச்சு முடிச்சுட்டு எழுந்து போனீங்க.

மத்த நாற்பது ஹோஸையும் திரும்பச் சோதிச்சேன். அஞ்சு தாங்கலை. போன வாரம் குணாளன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "பெரியப்பா, இதை என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? தப்பை அந்தம்மா பேர்லதானே எழுதி வெச்சிருக்காங்க. போய் அங்கே சொல்லுங்க"ன்னான். அவன் சொன்னதை மத்தவங்ககிட்ட சொன்னேன். அப்போதான் ஆய்வுக்கூடத்துப் பிரேமலாவும் எடைமேடைத் திருச்செல்வமும் தாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்ததா ஒத்துக்கிட்டாங்க. ஆலை முழுக்க இதே கதைதான் அம்மா. அத்தனை பேரும் பொய் சொன்னா எந்த அறிக்கைதான் நிஜமா இருக்கும்?

கண்ணாடிச் சட்டம் போட்ட இந்த மடல் உங்களுக்கு. சட்டம் போடாத இன்னொரு பிரதியை இன்னிக்குக் காலையில விசாரணை அதிகாரி கையில கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு முத்திரையும் வாங்கிட்டோம். உங்களுக்கு வந்த அந்தக் கவனக்குறைவுக் கடிதத்தை ரத்து செய்வாங்களான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்லை. என் கான்ட்ராக்ட் வேணும்னா ரத்தாகும். ஆகட்டும். குணாளன் விரலுக்கு எங்க கையில வழி எதுவும் இல்லை.

அன்னையே, நாங்கள் அறியாமையால் அஞ்சினோம், அஞ்சியதால் பொய்யுரைத்தோம், பொய்யுரைத்ததால் உங்கள் இருபத்தேழு ஆண்டு உழைப்பின் கடைசிப் பக்கத்தில் கறை படியச் செய்தோம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க இந்த மேடை இடமில்லை. முழங்கால் வலி தீர்ந்து, ஏறி இறங்க வேண்டிய தொட்டியோ படிக்கட்டோ இல்லாத வீட்டில், உடல்நலமும் மனநிறைவும் கூடி நெடுங்காலம் வாழுங்கள்.

உங்கள் கேள்விக்குத் தாமதமாய்ப் பதில் தரும்,

சின்னத்தம்பி, ஹோஸ் ஸ்டோர். எட்டு மாதச் சோதனைத் தேதிகள் முழுவதும் தொலைந்தன.

பிரேமலா, ஆய்வுக்கூடம். நான்கு மாத எண்ணெய்ச் சோதனை முடிவுகள் இல்லை.

திருச்செல்வம், எடைமேடை. லாரி எடைகள் எத்தனை போயின என்று தெரியவில்லை.

குணாளன், தொட்டிக் களம். நான் எதையும் மறைக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்காக இடது கையால் போட்ட கையெழுத்து.