தொட்டுப் பார்த்து வரைந்தவன்

டீ நல்லா இருக்குது சார், ஏலக்காய் போட்டிருக்காங்க. உக்காருங்க, நிதானமா சொல்றேன்.

என் பேரு தாண்டவராயன், ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர். செஞ்சிக்கோட்டைன்னா என் படந்தான். லாட்ஜு, ஓட்டலு, எங்க போனாலும் செவுத்துல கோட்டையோட ராஜகிரி மலை தொங்கும், கீழ என் கையெழுத்து இருக்கும். அந்தப் பேரை விட்டா எனக்குன்னு வேற இன்னா இருக்குது?

எண்பத்திமூணு பங்குனியில மொரிதான்னு ஒரு ஜப்பான்காரன் வந்து ஹுசைன் பாய் லாட்ஜுல தங்கினான். நாடு நாடாப் போயி மலையும் பாறையும் வரையறவனாம். பெயிண்ட் டப்பா ஒண்ணு கெடையாது. நம்ம கல்லையே பொறுக்கி, அரைச்சு, சலிச்சு, தோல் பசையில கொழைச்சுப் பூசுவான். கேட்டா ஜப்பான் முறையாம். நம்ம கொத்தனாரு இதைவிடச் சுத்தமா பூசுவாரு.

இங்கிலீஷ் தெரியும்னு பாய் என்னைத் துணைக்கு அனுப்பினாரு. வரையறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, உள்ளங்கையால பாறையைத் தடவிக்கிட்டே நடப்பான். சொரசொரப்பு கையில ஏறினாத்தான் படம் வருமாம். லெஃப்ட்டு, ரைட்டுன்னு நான் பின்னாடியே சொல்லிக்கிட்டு வரணும். காலேஜ் படிச்சவனுக்கு வந்த வேலையைப் பாருங்க.

ஒருநாள் என் படத்தைக் காட்டினேன். அதையும் கண்ணை மூடித் தடவினான். "வெரி ஸ்மூத், மாஸ்டர்"னு சிரிச்சான். எனக்குக் கோவமெல்லாம் வரல.

அவன் ராஜகிரி படத்தை முடிச்சதும் பாய் வெரல் வெச்சுப் பாத்தாரு. "மாஸ்டர், நம்ம வெயிலு இதுல சுடுதே"ன்னாரு. மறுநாள் லாட்ஜு வாசல்ல மாட்டியிருந்த என் படம் கீழ எறங்கி, தொடப்பத்துக்குப் பக்கத்துல சாஞ்சிருந்துது. அந்த ஆணி மொரிதாவுக்காம். பாய் பாவம், அவருக்கு இன்னா தெரியும்.

அன்னிக்கும் மலை ஏறினோம். உச்சிக்குப் போற வழியில பெரிய பள்ளத்துமேல பாலம் இருக்குதில்ல, அதுக்கு முன்னாடி பாறையோரமா ரைட்ல திரும்பணும். அவன் கண்ணை மூடிக்கிட்டு, "மாஸ்டர்?"னு கேட்டான். "ஸ்ட்ரெய்ட்டு"ன்னேன். கொஞ்சம் நடந்துட்டு மறுபடியும் கேட்டான். "ஸ்ட்ரெய்ட்டு"ன்னேன். கைக்குப் பாறை முடிஞ்சுபோச்சு. அப்பவும் கண்ணைத் தொறக்கல. அவ்ளோ நம்பிக்கை அந்த முட்டாளுக்கு.

நான் தள்ளல சார், தொடக்கூட இல்ல. வழுக்கி வுழுந்துட்டான்னு ஊரே சொல்லிச்சு, நானும் தலையாட்டினேன்.

அவன் ரூம்லேர்ந்து நான் எடுத்தாந்த அந்த ராஜகிரி படத்தைத்தானே நீங்க என் வீட்ல புடிச்சீங்க? அதை மட்டும் ஜப்பானுக்கு அனுப்பிடாதீங்க. கீழ பாருங்க, என் கையெழுத்து இருக்குது. அந்தச் சொரசொரப்புல பிரஷ்ஷே ஓடல, கஷ்டப்பட்டுத்தான் போட்டேன். நான் வரைஞ்சதுலயே அதுதான் சார் ஒசத்தி.