ஒட்டும் டேப்பும் ஒன்பதாம் வகுப்பும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பள்ளிக்குழுத் தலைவர் வெர்னா ஸ்டக்கி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோரே! சோள அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தந்தையரே! மடியில் மழலையும் மனத்தில் கவலையுமாய், என்னைப் போலவே அமர்ந்திருக்கும் தாய்மாரே! இன்று வகுப்பை நிறைவு செய்யும் இருபத்திரண்டு இளையோரே! அனைவருக்கும் என் வணக்கம்.

இவர்களின் ஆசிரியை நான்; ஏழு மாதக் குழந்தையின் தாயும்கூட. அவள் தும்மினாலும் அஞ்சுகிறவள். ஆனாலும் இன்று நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறேன். ஏன்? சொல்கிறேன்.

உடலுறவுக்குத் திருமணம்வரை காத்திருங்கள் என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லித்தருவது நம் ஊர் வழக்கம். அந்தப் பாடத்தில் ஒரு டேப் உண்டு. நம்மில் யார் அதை மறந்தோம்? ஒட்டும் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, ஒருவர் கையில் ஒட்டி, பிய்த்து, அடுத்தவர் கையில் ஒட்டி... கடைசியில் அழுக்கேறிச் சுருண்டு விழும். "காத்திருக்காதவர் கதி இதுதான்!" என்று முடிப்போம். கல்லூரி வரை படித்த நானும், சென்ற செப்டம்பரில், அதையேதான் செய்தேன்!

பதினான்கு வயது மார்லி ஹோவ்லண்ட் எழுந்தாள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

"மிஸ், அப்போ எங்க அக்கா குப்பையா?"

அவள் அக்கா கெய்லின் பதினேழு வயதில் தாயானவள். ஊரே அறியும்.

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான்! அவளுக்கும் இதே டேப்பைத்தான் காட்டுனாங்க. நாம குப்பையாயிட்டோம்னு நெனச்சு, அஞ்சு மாசம் டாக்டர்கிட்டகூடப் போகாம மறைச்சா. நான் இனிமே இங்க வரமாட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவையோரே, அந்த டேப் கெய்லினைக் காத்ததா? வெட்கம் காத்ததா? மருத்துவர் வாசலை அல்லவா அது அடைத்தது! இப்போது தங்கையையும் இழக்கப் போகிறோமா?

மறுநாள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் கெய்லின். மன்னிப்புக் கேட்டேன்.

"அதோட நிறுத்திக்காதீங்க," என்றாள். "என் தங்கச்சிக்கு ஒழுங்கா சொல்லிக்குடுங்க. என்னைக் கூப்பிடுங்க, காத்திருக்கறது ஏன் நல்லதுன்னு நான் சொல்றேன். நோய், தடுப்பூசி, பரிசோதனை எல்லாம் நர்ஸ் சொல்லட்டும்."

கெய்லின் வகுப்புக்கு வந்தாள். கோச் ரோலண்ட், ஏன் தலையைக் குனிகிறீர்கள்? முதல் கேள்வி உங்கள் மகனுடையதுதான்!

"ஃபிரெண்ட்ஸ் கிண்டல் பண்ணா என்ன சொல்றது?"

"வேணாம்னு சொல்லு. ஏன்னு கேட்டா, 'உனக்கு எதுக்குடா விளக்கம், போய்ப் பந்தைப் பிடி'ன்னு சொல்லு!"

சிரிக்கிறீர்கள். வகுப்பும் சிரித்தது, கதவோரம் தயங்கி நின்றிருந்த மார்லியும் சிரித்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்!

கடைசி வகுப்பில் அச்சடித்த உறுதிமொழி அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்குவோமே, இம்முறை வெற்று அட்டைகளைக் கொடுத்தேன். எழுத விரும்பியவர் எழுதினர். மார்லி எழுதியதை வாசிக்கிறேன்:

"நான் காத்திருப்பேன். பயந்து இல்ல, எனக்கே அதுதான் வேணும். ஒருவேளை தடுமாறினா ஒளிச்சு வைக்க மாட்டேன். மொதல்ல எங்க அக்காகிட்டப் போவேன், அப்புறம் டாக்டர்கிட்ட."

அச்சமா இது? இல்லை, அறிவு! அடக்குமுறையா? இல்லை, ஆளுமை! என் மகளும் இப்படி எழுதும் பிள்ளையாய் வளர வேண்டும் என்று ஏங்குகிறேன். இவளுக்கு ஆசிரியையாய் இருந்ததற்கு இறுமாந்து நிற்கிறேன்!

கெய்லின், எழுந்து நில்லம்மா. அவையோரே, உங்கள் கைதட்டல் இவளுக்கு உரியது. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி பாராட்டி, வணங்கி அமர்கிறேன்.