பிளாக்கை அமுக்கிய வகையில்

செங்குட்டுவன், வயது 34, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற அய்யனார், மந்தாரக்குப்பத்தை ஒட்டிய புதுக்காலனி, நெய்வேலி என்பவர் காவல் நிலையத்தில் தானாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்கண்ட முகவரியில் என் தாயார் மாரியம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை அள்ளும் காண்ட்ராக்ட் வேலை செய்கிறேன். கிளமென்ட் என்பவர் அதே பெல்ட் பிரிவில் பர்மனென்ட் ஊழியர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மனைவி டெய்சியுடன் குடியிருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் உறுப்பினர்கள். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மீன்குழம்பு என் தட்டுக்கு வரும், என் வீட்டுக் கருவாடு அவர் தட்டுக்குப் போகும்.

எங்கள் ஊர் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டபோது, நிலம் வைத்திருந்தவர்களிடம் இழப்பீடு பற்றியும் வேலை பற்றியும் பேசினார்கள். அதே நிலத்தில் நடவு நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் பட்டா இல்லாததால் எங்களிடம் யாரும் எதுவும் பேசவில்லை. என் தகப்பனார் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இந்த வருடம் எங்கள் கட்சி, தேர்தல் அறிக்கையை உறுப்பினர்களே எழுதலாம் என்று சொல்லி செல்போன் செயலி ஒன்றை வெளியிட்டது. உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஒரு கொள்கையை முன்மொழியலாம், மற்ற உறுப்பினர்கள் ஆதரவு கொடுக்கலாம், போதுமான ஆதரவு சேர்ந்தால் அது வரைவுக் குழுவுக்குப் போகும் என்றார்கள். எத்தனையோ மேடைக்கு நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறேன். உன் கருத்து என்ன என்று என்னைக் கட்சி கேட்டது அதுதான் முதல் முறை. அதன் பிறகு நான், "நிலம் கொடுத்த குடும்பத்துக்கு மட்டுமின்றி, அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்த நிலமற்ற குடும்பத்துக்கும் ஒரு நிரந்தர வேலை" என்று முன்மொழிந்தேன். எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்ததே கிளமென்ட்தான். "பர்மனென்ட் ஆளுங்கள நான் பாத்துக்கறேன்ப்பா, நீ காலனிய பாரு" என்று சொன்னார். அதன் பிறகு ஷிப்ட் முடிந்த கையோடு டவுன்ஷிப்பில் வீடு வீடாகப் போனார்.

ஆதரவு கொடுப்பதற்கான கடைசி நாளுக்கு மறுநாள் காலை என் செல்போனில் ஒரு தகவல் வந்தது. பல உறுப்பினர்கள் என்னைத் தடுத்திருப்பதால் என் கணக்கு முடக்கப்பட்டது என்றும், என் முன்மொழிவு நீக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. அதன் பிறகு கட்சியின் மாவட்ட ஐ.டி. பிரிவில் இருக்கும் ஆனந்த்ராஜுக்குப் போன் செய்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "வெளியாள் யாரும் இல்லீங்க. எல்லாம் உங்க நெய்வேலி ஆளுங்கதான். மொதல்ல தடுத்தது கிளமென்ட்" என்றார். பர்மனென்ட் புத்தியைக் காட்டிவிட்டான், தனக்குச் சமமாக நான் உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்துவிட்டான் என்று நினைத்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை. கட்டிய சாப்பாட்டைப் பிரிக்கவும் இல்லை.

மதியம் கிளமென்ட் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் ஸ்டாப்பில், எங்கள் கட்சி உறுப்பினரான பிரபாவதி என்பவரின் டீக்கடை முன்பு காத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து, "என்னப்பா, பாத்தியா? எங்க பிளாக்கே ஒண்ணு சேந்து அமுக்கிட்டோம்ல!" என்றார். அமுக்கிட்டோம் என்ற சொல்லைக் கேட்டதும், என்னைத்தான் அமுக்கிவிட்டதாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, கையில் இருந்த டிபன் கேரியரால் அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். அவர் கீழே விழுந்த பிறகு மறுபடியும் அடித்தேன். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

அதன் பிறகு பிரபாவதி ஓடிவந்து என்னைப் பிடித்துத் தள்ளி, "அடப்பாவி, உனக்காகத்தானடா அந்தாளு வூடு வூடா ஏறிகினு கெடந்தாரு! நானுந்தான் அமுக்கினேன்" என்று சொல்லித் தன் செல்போனைக் காட்டினார். செயலியில் முன்மொழிந்தவரின் பெயருக்குக் கீழே 'பிளாக்' என்று ஒரு பட்டன் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். என்னுடைய போனில் என் பெயருக்குக் கீழே அந்தப் பட்டன் வராது. ஒருவரைத் தடுத்து வைப்பதற்கான பட்டன் அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருப்புகளை பிளாக் பிளாக்காகப் பிரித்திருப்பதால், எங்கள் ஊரில் பிளாக் என்றால் குடியிருக்கும் பகுதிதான், கிளமென்ட்டும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். "எந்த பிளாக்லருந்து எவ்ளோ பேருன்னு தலைமைக்குத் தெரியணுமாம், மொதல்ல பிளாக்க அமுக்கிட்டு அப்புறம் ஆதரவ அமுக்குங்கன்னாரு. அமுக்கினதும் உன் பேரு மறஞ்சி போச்சி. மறஞ்சா பதிவாயிடுச்சின்னு அர்த்தம்னாரு" என்று பிரபாவதி சொன்னார். ஆதரவு என்ற பட்டனை அழுத்த அவர் சொல்லிக் கொடுத்த யாருக்கும் வாய்ப்பே வரவில்லை. அவர்கள் எல்லாரும் என் பக்கம் நின்றுதான் என்னை வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

அதன் பிறகு கிளமென்ட்டை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாடை எலும்பு முறிந்து, இடது கண்ணில் பார்வை திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். ஆனந்த்ராஜுக்கு மறுபடியும் போன் செய்து நடந்த தவறைச் சொன்னேன். "பாவந்தாங்க. ஆனா வரைவு தலைமைக்குப் போயிடுச்சி, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். நேற்று வந்த வரைவில் நிலம் கொடுத்தோர் என்று மட்டும் இருந்தது. என் தாயார் என்ன வந்திருக்கிறது என்று கேட்டார், நான் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டெய்சி என்னை வார்டுக்குள் விடவில்லை. "கண்ணு போனவர வண்டில ஏத்த மாட்டாங்க, மைன்ஸ்ல எறக்க மாட்டாங்க. ஒங்களுக்கு வேலை கேட்டுப் போனவருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

இன்று நான் நிலையத்துக்கு வந்தபோது எஸ்.ஐ. அய்யா, வழக்கு எதுவும் இல்லை, கிளமென்ட் தானே பைக்கிலிருந்து தவறி விழுந்ததாகத் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார். நான் போகவில்லை. கிளமென்ட் பைக்கிலிருந்து விழவில்லை. அவருக்குப் பைக்கே கிடையாது.

மேலே சொன்னது எல்லாம் என்னை யாரும் வற்புறுத்தாமல் நானாகச் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கிளமென்ட் எழுதிக் கொடுத்தது பொய், நான் சொன்னதுதான் உண்மை.

ஒப்பம்
அ. செங்குட்டுவன்