முன்சீட்டு வேடிக்கை

— ஏம்மா நிறுத்திட்ட? வாசி.

— "சாலையே இந்தப் பகுதியின் ரத்தக்குழாய். சாலை அகன்றால் நம் நெஞ்சமும் அகலும்..." ஐ, மாமா! அந்த டிராக்டரைப் பாருங்களேன். நமக்கு நேர் முன்னாடி, ஆமை மாதிரி போகுது.

— பார்த்தேன், பார்த்தேன். டிராக்டர்ல என்ன அதிசயம்? இதோ, அதை முந்திட்டுப் போறேன்.

— எதிர்ல ஒரு லாரி வருது மாமா. பச்சைத் தார்ப்பாய் போட்டு... அவ்ளோ அழகா இருக்கு. அது போகட்டுமே, பார்த்துட்டுப் போலாம்.

— லாரியில என்னம்மா அழகு! சரி, போகட்டும். கார்ல ஏறினா இறங்குற வரைக்கும் வேடிக்கைதான் உனக்கு. உங்க அத்தை இத்தனை வருஷம் என்கூட வந்திருக்கா, ஒரு வார்த்தை பேசினதில்ல.

— இப்பல்லாம் அத்தை உங்க வண்டியில ஏறுறதே இல்லியே மாமா.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல. இதான் கூத்துன்னேன். இன்னிக்குக் கூட்டத்துல பஸ் வேணும்னு பேசப் போறவ நான். சாலை விரிவாக்கக் குழுத் தலைவர் உங்களுக்கு நானே ஒத்திகை பார்த்துக் குடுக்கறேன்.

— கண்ணாடியை வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன், அதான். மனப்பாடமா சொன்னா அதிகாரி முன்னாடி ஒரு கம்பீரம் இருக்கும்ல?

— நேத்தும் வெச்சிட்டு வந்தீங்க.

— வயசாச்சு. மறதி... மறதிதான், வேற ஒண்ணுமில்ல. அதோ பாரு, கான்ட்ராக்டர் நிக்கறான். வணக்கம் வெச்சேன், திரும்பிக்கூடப் பார்க்கல. என்ன திமிரு!

— மாமா, அது டிரான்ஸ்ஃபார்மர்.

— ...வெயில் கண்ணுல அடிக்குது.

— மேகமா இருக்கு மாமா.

— நீ வாசி.

— "இருபுறமும் ஒரு முழ அகலத்திற்கு வெள்ளைக் கோடும், ஆள் உயர எழுத்தில் பெயர்ப் பலகையும்..." ஒரு முழமா? கோடு போடறாங்களா, வெள்ளையடிக்கறாங்களா?

— பளிச்சுன்னு இருக்க வேணாமா? பார்க்கறவன் பார்த்துட்டே இருக்கணும்.

— பார்க்க முடியாதவனும் பார்க்கணும்.

— குத்தலா பேசாத. எத்தனை புது வீடு, கிடங்கு, காலேஜு, மருந்துக் கம்பெனி... எல்லாம் வந்தாச்சு. ரோடு மட்டும் எங்க அப்பா காலத்து அகலம்.

— அகலமாக்கினா இன்னும் நாலு பேர் கார் வாங்குவான். அப்புறம் அதையும் அகலமாக்கணும். கடைசியில ஊரே இருக்காது, ரோடுதான் இருக்கும்.

— ஊரே இல்லன்னா நெரிசலும் இருக்காதுல்ல?

— இதையும் பேச்சுல சேர்த்துக்கோங்க. நல்லா எடுபடும்.

— சிரிக்காத. காலையில ஒரு பஸ் விடறாங்களே, எவன் ஏறுறான்? ஈ ஓட்டிட்டுப் போகுது.

— அது விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுது. நான் அதுல போனா ஆஸ்பத்திரி வாட்ச்மேனை எழுப்பி நானே கேட்டைத் திறக்கணும். திரும்பற பஸ் மத்தியானமே கிளம்பிடுது. யாருக்கோ ரத்தம் எடுத்துட்டு இருக்கும்போது ஊசியை அப்படியே விட்டுட்டு ஓடவா?

— எதுக்கு ஓடற? நான் இல்ல? தினம் கூட்டிட்டுப் போய், கூட்டிட்டு வர்றேன். எந்த மாமனார் செய்வான் சொல்லு!

— நீங்க இல்லன்னா நான் வேலையை விட்டிருக்கணும் மாமா. சத்தியமா.

— அப்புறம் பஸ் எதுக்கு உனக்கு? அடுத்த பக்கம் வாசி. அதுல கொஞ்சம் காரம் இருக்கும்.

— "பேருந்து கேட்பவர்கள் யார்? நடக்கவும் மாட்டார்கள், கார் வாங்கவும் மாட்டார்கள். சோம்பேறிகள்..." மாமா!

— பொதுவா சொன்னதும்மா.

— பொதுவாவா? "இத்தகையோர் சிலர் என் வீட்டிலேயே இருப்பது என் துரதிர்ஷ்டம்." நம்ம வீட்ல நீங்க, அத்தை, உங்க புள்ள, நான். இதுல யாரு மாமா அந்தச் சிலர்?

— ஒரு வேகத்துல எழுதச் சொன்னது...

— உங்க எல்லாருக்கும் சமைச்சு வெச்சிட்டு, நாள் முழுக்க நின்னு வேலை பார்த்துட்டு வர்றவ சோம்பேறியா?

— ...என்னம்மா, பேச்சையே காணோம்? ஏதாவது சொல்லிட்டு வாயேன்.

— நான் கோபமா இருக்கேன்.

— கோபமா இருந்தா என்ன, வேடிக்கை பார்க்கக் கூடாதா? டிராக்டர், லாரி... ஒண்ணுமே வரலியா?

— இந்தத் தாள்ல இருக்கற வேடிக்கையே போதும் எனக்கு.

— சரி, சரி... மண்டபத்துக்கு இங்கதானே திரும்பணும்? இருட்டா ஒரு சந்து தெரியுதே... இதான்...

— "நடக்கவும் மாட்டார்கள்"னு என்ன தைரியமா எழுதி... மாமா! பிரேக்! பிரேக் போடுங்க! அது பஸ் ஸ்டாப்பு!

— ஐயோ... யாருக்காவது... யாருக்காவது பட்டுடுச்சாம்மா?

— இல்ல. எல்லாரும் எழுந்து ஓடிட்டாங்க. பெஞ்சுதான் சாஞ்சு கிடக்கு. ஒரு அம்மா கோபமா நம்மகிட்ட வர்றாங்க.

— ஏன் சார்! பஸ்ஸுக்கு நிக்கறவங்களை ஏத்திக்கணும்னா ரோட்ல நிறுத்திக் கூப்பிடுங்க. உள்ளயே வந்தா கூப்பிடுவாங்க? இப்பதான் என் பொண்ணு அந்த பெஞ்சுல இருந்து எழுந்து தண்ணி குடிக்க வந்தா!

— தப்பும்மா... என் தப்புதான். மன்னிச்சுக்கோம்மா.

— மாமா, இப்படிக் குடுங்க சாவியை.

— வெயில் திடீர்னு...

— மாமா.

— ...நடுவுல ஒரே புகையா இருக்கும்மா. ஓரம்தான் கொஞ்சம் தெரியுது. இனிமே வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் யார்கிட்டயும் சொல்லல.

— கண்ணாடி?

— போட்டாலும் ஒண்ணுதான், போடலன்னாலும் ஒண்ணுதான். உன் புருஷனுக்குத் தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிடுவான். அப்புறம் கடைக்குப் போறதுன்னாக்கூட ஒருத்தன் தயவு வேணும். பயமா இருந்துச்சும்மா.

— அதுக்குத்தான் முழ அகலத்துக்குக் கோடா!

— கோடு மட்டும் தெரிஞ்சா ஓட்டிடலாம்னு நெனச்சேன். பஸ் வந்துட்டா நீ அதுல ஏறிப் போயிடுவ. நீ பக்கத்துல உக்காந்து அது வருது, இது வருதுன்னு சொல்ற வரைக்கும்தான் எனக்கு ரோடே. இன்னிக்கு நீ வாயை மூடின, பாரு... அந்தக் குழந்தை...

— அழாதீங்க. ஒண்ணும் ஆகல. இறங்குங்க, வண்டி இங்கயே நிக்கட்டும்.

— அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடு.

— எதுக்கு? அந்தச் சோம்பேறிப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டு, சாலைன்னு வர்ற இடத்துலெல்லாம் பேருந்துன்னு மாத்திட்டா போச்சு. "பேருந்தே இந்தப் பகுதியின் ரத்தக்குழாய்." எங்கயும் இடிக்கல.

— "பேருந்து அகன்றால் நம் நெஞ்சமும் அகலும்"... அது இடிக்குதேம்மா?

— கைதட்டிட்டுப் போயிடுவாங்க மாமா. இதுக்கு முன்னாடி பேசினதுக்கு மட்டும் அர்த்தம் பார்த்தா தட்டினாங்க?

— சரி, அப்படியே பேசிடறேன். மண்டபம் எந்தப் பக்கம்?

— வலப்பக்கம். என் கையைப் பிடிச்சுக்கோங்க. முன்னாடி ஒரு பள்ளம் இருக்கு... அழகா இருக்கு.

— இரு, இரு. அழகா இருக்கா? டிராக்டர் அழகு, லாரி அழகு, பள்ளம் அழகு... உனக்கு முன்னாடியே தெரியுமா?

— டிரான்ஸ்ஃபார்மருக்கு மழைக்காலத்துல இருந்தே வணக்கம் வெக்கறீங்க மாமா.

— தெரிஞ்சுமா என் புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, தினமும் என் பக்கத்துல ஏறி உக்காந்த? உயிர் மேல ஆசையே இல்லியா உனக்கு?

— பஸ் இல்லியே மாமா.