பூஜைக்கு வராத தோசைத் திருப்பி

...ஆக, அலமாரி இன்னும் வரல, அதனால உங்க ஊர் நூலகத்தைத் திறக்கல. அப்படித்தானே சொன்னீங்க? சரி, அந்த அலமாரியைக் கொஞ்சம் ஓரமா நகர்த்தி வைப்போம். இல்லாத அலமாரிதானே, கனக்காது!

ஒரு சின்னக் கதை சொல்றேன். முதல்ல கேளுங்க, அப்புறம் என்னைத் திட்டலாம்.

காங்கேயம் பக்கம் ஒரு ஊர். அங்க துளசிமணின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் சென்னியப்பன், தறி ஓட்டுறவர். துளசிமணி ரொம்ப நாளா அலைஞ்சு, பக்கத்து ஊர் பால் சொசைட்டியில பால் அளக்கிற வேலை வாங்கியிருக்காங்க. விஜயதசமி விடியக்காலையில போய்ச் சேரணும். செயலாளர் ரொம்பக் கறார். "பால் உனக்காகக் காத்திருக்காதும்மா. நீ வரலைன்னா அடுத்த ஆளைப் போட்டுக்குவேன்" அப்படின்னுட்டாரு. அந்நேரத்துக்கு பஸ் ஏது? இருக்கிறது ஒரே ஒரு சைக்கிள்.

விஜயதசமிக்கு முதல் நாள் என்ன நாள்?... ஆமா, ஆயுத பூஜை! வீட்டைக் கழுவி, சைக்கிளைக் கழுவி, ஸ்பேனர், சுத்தியல், ரம்பம், கத்திரிக்கோல், அரிவாள்மனை எல்லாத்தையும் சாமி முன்னாடி வரிசையா வச்சு, பொட்டு வச்சு, பொரிகடலை படைச்சு, கற்பூரமும் காட்டியாச்சு. கடைசியா, சைக்கிளை எலுமிச்சம்பழத்து மேல ஏத்துறாங்க. அதோட வண்டிக்குப் பூஜை முடிஞ்சுது, ஓட்டலாம். பழம் நசுங்குச்சு... முன் சக்கரம் 'லொடக்'னுச்சு! பிடிச்சு ஆட்டிப் பார்த்தா, விழப்போற பல்லு மாதிரி ஆடுது.

சக்கரத்து நடுவுல, ஹப்புக்குள்ள, சின்னச் சின்ன இரும்புக் குண்டுங்க ஓடும். அதுங்களை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு கோன். அந்தக் கோன் லூஸாயிருச்சு. வெளி நட்டைத் தளர்த்தி, கோனைத் திருகி, மறுபடி நட்டை இறுக்கினா வேலை முடிஞ்சுது. ஆனா கோன் இருக்கிற சந்து சின்னது. சன்னமான ஸ்பேனர்தான் உள்ள போகும். அது எங்க இருக்கு? சாமி முன்னாடி!

"ஏனுங்க, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம்..."

"தொடாத புள்ள! நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும். நல்ல நேரம் எட்டு மணிக்கு மேல."

"எட்டு மணிக்கு ஊரே காப்பி குடிச்சு டம்ளரையும் கழுவி வச்சிருக்குமுங்க!"

பக்கத்து வீட்டுல கேட்கலாமா? அங்கயும் பூஜை. சைக்கிள் கடைக்கு ஓடலாமா? அங்க ஷட்டருக்கே மாலை போட்டிருக்கு. துளசிமணிக்கு அழுகை வந்துருச்சு. வராதா பின்ன? அப்படியே சைக்கிள் பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க. உட்கார்ந்தவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அந்தச் சந்துக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. பார்க்கப் பார்க்க... ஒரு யோசனை.

"ஸ்பேனரை விடு. அது என்ன பண்ணுது? கோன்ல ரெண்டு பக்கம் தட்டையா இருக்கு. அதைப் பிடிச்சுத் திருப்புது, அவ்வளவுதானே? சன்னமா இருக்கோணும், வளையக் கூடாது..."

எந்திரிச்சு அடுப்படிக்குப் போனாங்க. கரண்டிக் காம்பு? சந்துக்குள்ள நுழையல. ஸ்பூன்? வளைஞ்சு போச்சு. அப்புறம் கண்ணுல பட்டுது பாருங்க, தோசைத் திருப்பி! கத்திரிக்கோல் வரைக்கும் பொட்டு வச்ச வீட்டுல, தினமும் வெந்து சாகிற தோசைத் திருப்பிக்கு ஒரு பொட்டு வைக்க யாருக்குமே தோணல!

ஒண்ணு போதாது. பக்கத்து வீட்டுல இன்னொண்ணு வாங்கிட்டு வந்தாங்க. கோனுக்கு இந்தப் பக்கம் ஒரு விளிம்பு, அந்தப் பக்கம் ஒரு விளிம்பு. சேர்த்து அழுத்தினா... ஸ்பேனர் வாய் மாதிரியே பிடிக்குது!

சென்னியப்பன் சிரிக்கிறாரு. "ஏம்புள்ள, சைக்கிளுக்குத் தோசை ஊத்தப் போறியா?"

இந்தம்மா நட்டுல தேங்காய் எண்ணெய் விட்டு, அதைச் சுத்திப் பழைய டியூப் ரப்பரைக் கட்டி, பாத்திரம் இறக்குற இடுக்கியால ஒரு அமுக்கு அமுக்கித் திருப்பினாங்க. நட்டு அசைஞ்சுது. கோனைத் திருகினாங்க. ஆட்டம் நின்னுது. சந்தோஷமா நட்டை இறுக்கிச் சக்கரத்தைச் சுத்தினா... சக்கரமும் நின்னுபோச்சு!

சிரிச்ச மனுஷனுக்கு இப்ப உட்கார முடியல. பக்கத்துல வந்து குனிஞ்சு பார்க்கிறாரு. "அதெப்படி? இப்பத்தானே சுத்துச்சு? நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே உள்ள போகுதாட்ட இருக்குதே?"

"அதேதானுங்க! கோனைக் கொஞ்சம் இளக்கமா விட்டு, அசையாம பிடிச்சுக்கிட்டே நட்டை இறுக்கோணும்."

சரி... பிடிக்கிறது யாரு? துளசிமணி கையில ரெண்டு தோசைத் திருப்பி. அப்ப இடுக்கிக்கு? நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தாங்க. அவரு கையைக் கட்டிக்கிட்டாரு. "இன்னைக்கு நான் எந்த ஆயுதத்தையும் தொடமாட்டேன்."

"ஏனுங்க, உங்க கைக்குப் பொட்டு வச்சீங்களா?"

"...இல்ல."

"அப்ப அது பூஜையில இல்ல. பிடிங்க இடுக்கிய!"

பிடிச்சாரு! தளர்த்தி, இறுக்கி, சுத்திப் பார்த்து, மறுபடி தளர்த்தி... ஒரு கட்டத்துல, "இரு புள்ள, இன்னும் ஒரு துளி இளக்கிப் பார்க்கலாம்"னு அவரே சொல்றாரு! கடைசியில சக்கரம் சுத்துச்சு. ஆடவும் இல்ல, நிக்கவும் இல்ல. மறுநாள் விடியும்போது, சொசைட்டி வாசல்ல முதல் பாலை அளந்து ஊத்தினது துளசிமணி.

ஐயா, அம்மா... நான் பூஜையைக் குறை சொல்லல. அந்தம்மாவும் சாமி முன்னாடி இருந்த ஒரு சாமானைக்கூடத் தொடல. 'ஸ்பேனர் இல்லை'ன்னு நின்னிருந்தா வேலை போயிருக்கும். 'ஸ்பேனர் என்ன பண்ணுது?'ன்னு கேட்டாங்க, வழி கிடைச்சுது. அப்பவும் பாதி வழிதான்! மீதி வழி, கட்டிக்கிட்டு நின்ன கை அவிழ்ந்தப்பத்தான் வந்துது.

இப்பச் சொல்லுங்க. அலமாரி என்ன பண்ணும்? புத்தகத்தைத் தரையில படாம, பேர் தெரியற மாதிரி நிறுத்தி வைக்கும். அவ்வளவுதானே? உங்க ஊர்ல பழப்பெட்டி இல்லையா? பலகை இல்லையா? செங்கல் இல்லையா? இருக்குன்னு தலையாட்டுறீங்க... அப்ப நூலகத்துச் சாவி யார்கிட்ட இருக்கு? எந்திரிங்க, கூட்டம் முடிஞ்சதும் போய்த் திறப்போம்.